முதலில் இலை விழும்

சந்தபுரி
ஏப்ரல் 3, 2019

தவினுக்கு,

இது வியாபாரக் கடிதம். வேறு எதையும் இதில் தேட வேண்டாம்.

உங்கள் தோட்டத்தில் நெடுங்காம்பு டுரியான் காய்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சொன்னவன் என் வண்டி ஓட்டும் பிரசோங். நொன்தபுரி வழியாக வரும்போது கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்திருக்கிறான். "அக்கா, ஆறே ஆறு காய். அண்ணன் அதுங்க நடுவுல நின்னு ஒண்ணொண்ணா தடவிக்கிட்டு இருக்காரு. மூணு தடவை ஹாரன் அடிச்சேன், மனுஷன் அசையல. காய்ப்பித்து புடிச்சிருச்சு போல" என்றான். கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான்.

உங்களைப் பதினோரு தடவை தொலைபேசியில் அழைத்தேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. மூன்று வருடம் முன்பு நேரிலேயே வந்தேன். நீங்கள் பாத்திமேல் குனிந்து வாய்க்கால் சேற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். படலுக்கு வெளியே நின்று பெயர் சொல்லி நான்கு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த வழியே போனேன். இனிக் கூப்பிடுவதாக இல்லை. எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

ஆறு பழத்தையும் எடுத்துக்கொள்கிறேன். பழம் ஒன்றுக்குப் பதினைந்தாயிரம் பாட். வேறு யாராவது அதிகம் சொன்னால் எனக்கு எழுதிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். காசு பெரிதென்று நீங்கள் நினைக்கமாட்டீர்கள், தெரியும். ஆனால் ஆள் முக்கியம். பிசமாய் அம்மாவை நினைவிருக்கிறதா? டாக்டர் வீட்டம்மா. வருடா வருடம் மாசியிலேயே படகில் வந்து, நாம் பெரியம்மா என்று கூப்பிட்ட தாய்மரத்தின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இது, இது, அப்புறம் அந்த உச்சியில இருக்கறது" என்று விரல் நீட்டுவாரே. நான் அவர் பெயரை அட்டையில் எழுதி உங்களிடம் கொடுப்பேன். நீங்கள் ஏறிக் காம்பில் கட்டுவீர்கள். அவருக்கு இப்போது எண்பத்து நான்கு. போன மாதம் ஆள் விட்டுக் கேட்டார். "எங்கெங்கேயோ நெடுங்காம்புன்னு வாங்கித் தின்னு பாத்துட்டேன். எல்லாம் பேருதான் நீளம். அந்த மரத்து ருசி ஒரு தடவை நாக்குல பட்டா போதும்" என்றாராம்.

பெரியம்மா வெள்ளத்தில் போய் எட்டு வருடம் ஆகிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விகாரை மேட்டில் தப்பி நின்ற மரத்திலிருந்து நீங்கள் ஒட்டு எடுத்து நட்டதும், இது அதன் முதல் காய்ப்பு என்பதும் அவருக்குத் தெரியாது. அந்த விகாரை மரம் பெரியம்மாவின் கிளைதானே. ஆகவே அந்த மரத்துப் பழம் என்று சொன்னால் பொய் ஆகாது.

பதில் எழுதுங்கள்.

லம்துவன்
மொத்தப் பழ வியாபாரம்


நொன்தபுரி
ஏப்ரல் 10

லம்துவன்,

தொலைபேசியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன். எனக்கு அது ஆகாது.

நீ வந்து கூப்பிட்டாய் என்பது பொய். நாற்பது வருடமாக இந்தத் தோட்டத்தில் ஒரு அணில் கிளை மாறினால் எனக்குத் தெரியும். நீ நான்கு தடவை கூப்பிட்டு எனக்குத் தெரியாமல் போகுமா? வராமல் இருந்தது உன் இஷ்டம். வந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டாம்.

பழம் விற்பதாக இல்லை. உனக்கு நிச்சயமாக இல்லை. நீ மொன்தோங் விற்கிறவள். தங்கத் தலையணை என்று அதற்குப் பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்தான். தலையணையைத் தின்ற மாதிரிதான் இருக்கும். லாரி லாரியாக ஏற்றுகிறாயாம். ஏற்று. நெடுங்காம்பு லாரியில் போகிற சாதி இல்லை.

தண்ணீர் வந்த வருடம் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "மரம் செத்துப்போச்சு, நீங்க பொணத்துக்கு இறைச்சுக்கிட்டு இருக்கீங்க." இருபத்து மூன்றாம் நாள் சொன்னாய். சொல்லிவிட்டு நம் வீட்டை விட்டு உன் அண்ணன் படகில் ஏறிப் போனாய். நான் நாற்பது நாள் வெள்ளத்தை இறைத்தேன். நாற்பத்திரண்டு மரமும் செத்தது. நீ சொன்னது சரியாகிப் போயிற்று. சரியாகச் சொன்னவளை மன்னிப்பது கஷ்டம்.

ஆறு காயில் இரண்டை ஒரே நாளில் இறக்கப் போகிறேன். ஒன்று விகாரைப் பெரிய பிக்குவுக்கு. முதல் காய்ப்பில் முதல் பழம் அவருக்குத்தான், உனக்கே தெரியும். இன்னொன்று உனக்கு. விலைக்கு இல்லை. எதை விட்டுப் போனாய் என்று நாக்கு தெரிந்துகொள்ளட்டும். பூ விரிந்து நூற்று இருபத்தெட்டாம் நாள் இறக்குவேன். பிரசோங்கை இருபத்து நான்காம் தேதி அனுப்பு. ஹாரன் அடிக்க வேண்டாம், இறங்கி வரச் சொல்.

பிசமாய் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று பிறகு பார்க்கலாம்.

தவின்


சந்தபுரி
மே 1

தவினுக்கு,

பழம் வந்தது.

பிரசோங் அதைத் தன் பக்கத்து இருக்கையில் வைத்து, அதற்கும் சீட்டு பெல்ட் போட்டுக்கொண்டு வந்தான். காம்பு அதே நீளம். முள் ஒவ்வொன்றும் கிட்டக் கிட்ட, உருண்டையாக, பெரியம்மா வயிற்றுப் பிள்ளை என்று யாரும் சொல்வார்கள். சீசன் நடுவில் கொட்டகையில் உட்கார நேரம் கிடையாது. இருந்தும் அன்றைக்கு வேலையை நிறுத்தி அதைக் கோணியில் சுற்றி என் மேசைக்கு அடியில் வைத்தேன்.

நான் தட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் இறக்கியதை நான் எதற்குத் தட்ட வேண்டும்? முப்பது வருடம் நீங்கள் மரத்தின்மேல், நான் கீழே சாக்கு விரித்தபடி. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்கள் பச்சைக்காயை வெட்டி நான் பிடித்ததாக உண்டா?

மூன்று நாள் காத்திருந்தேன். மணம் வரவில்லை. ஐந்தாம் நாள் காம்பு கறுத்துச் சுருங்கியது. அப்போதுதான் தட்டினேன். பச்சைக்காயின் சத்தம். ஆறாம் நாள் பிளந்தேன். சுளை வெள்ளை வெளேரென்று, பாக்கு மாதிரி. கத்தி முனை இறங்கவில்லை. கொட்டகைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "அக்கா, வறுவல் போட்டுடலாமா?" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். நான் அவளை அறையாதது அவள் அதிர்ஷ்டம்.

இது வேண்டுமென்றே செய்தது என்றால் சொல்லிவிடுங்கள். எதை விட்டுப் போனாய் என்று நாக்குக்குக் காட்டுகிறேன் என்று எழுதிவிட்டுப் பச்சைக்காயை அனுப்பினால் நான் அதை எப்படி எடுத்துக்கொள்வது? என்னைப் பொய்க்காரி என்று எழுதினீர்கள், பொறுத்தேன். இது அதைவிடப் பெரிது.

நான் உங்களிடம் முதலில் வாங்கிய பழம் ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பத்தொன்பது. சித்தியோடு படகில் தேங்காய்ப்பால் பணியாரம் விற்றுக்கொண்டு உங்கள் கரைக்கு வந்தேன். இரண்டு தட்டுப் பணியாரம் தின்றுவிட்டுக் காசு இல்லை, பழம் தருகிறேன் என்றீர்கள்.

"தெறந்து காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றேன்.

"நெடுங்காம்பைத் தெறந்து காட்டி விக்கற வழக்கம் இல்ல. காதை வை."

"முள்ளுல காதை வைக்கறதா? உங்க வீட்டுல இப்படித்தான் பொண்ணு பாப்பீங்களா?"

சித்தி துடுப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நீங்கள் கத்திப்பிடியால் தட்டினீர்கள். "கேக்குதா? வெறும் வீட்டுக்குள்ள யாரோ நடக்கற மாதிரி இருக்குல்ல? அதான் பழம். இப்ப இதைக் கேளு. மூடின கதவைத் தட்டற மாதிரி இருக்கும். இது காய்." அன்றைக்கு நான் வாங்கியது பழத்தை இல்லை, அந்தச் சத்தத்தை. இன்றைக்கு ஒரு நாளில் ஆயிரம் காய் தட்டுகிறேன். சந்தபுரியில் என் காதுக்கு மறுபேச்சு கிடையாது. அது நீங்கள் கொடுத்த காது.

கோபத்தில் ஆரம்பித்த கடிதம், எழுத எழுத ஆறிவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பதில் வேண்டும். அந்தக் காயைத் தட்டினீர்களே, எப்படிக் கேட்டது?

லம்துவன்


நொன்தபுரி
மே 7

லம்துவன்,

வேண்டுமென்று செய்யவில்லை. அந்த அளவுக்கு நான் சின்ன மனிதன் இல்லை.

பிக்குவுக்குக் கொடுத்ததும் அப்படித்தான் இருந்திருக்கிறது. விகாரைச் சமையல்காரி வறுவல் போட்டிருக்கிறாள். நான் போனபோது தட்டில் வைத்து எனக்கும் கொடுத்தார்கள். தின்றேன். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் அதைவிட அவமானமாக எதையும் தின்றதில்லை.

இந்த வருடம் பருவம் சரியில்லை. தையில் குளிர் நீண்டது, மாசியில் காற்று. நாள் கணக்கு ஏமாற்றிவிட்டது. சத்தம் சரியாகத்தான் இருந்தது. வேறென்ன சொல்ல.

தோட்டமே இந்த வருடம் ஒரு மாதிரி இருக்கிறது. சித்திரை முழுக்க ஒரு குயில் கூவவில்லை. முன்பெல்லாம் விடியுமுன் அந்தக் கல்யாண முருங்கையில் உட்கார்ந்து உயிரை எடுக்குமே, நீ செருப்பை எறிவாயே. அதுகூட இல்லை. அணில் வந்து ஒரு காயைக் குடைந்து தின்றிருக்கிறது. பக்கத்துப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அணிலும் தந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. மீதி மூன்று.

பெரியம்மா இருந்த இடத்தை நான் நிரப்பவில்லை. அந்தக் குழியில் தண்ணீர் நிற்கிறது, தாமரை தானாக வந்திருக்கிறது. புது மரம் அதற்குத் தெற்கே, நீ சாக்கு விரித்து நிற்கும் இடத்தில். அங்கே மண் கெட்டிப்பட்டுக் கிடந்தது. முப்பது வருடம் நீ மிதித்த மண். கொத்தவே இரண்டு நாள் ஆயிற்று.

பிசமாய் அம்மாவிடம் மரம் காய்க்கவில்லை என்று சொல்லிவிடு. இனி நான் இறக்குவதாக இல்லை. அணிலே தின்றுகொள்ளட்டும்.

தவின்


சந்தபுரி
மே 12

தவினுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பிறகு விகாரைக்குத் தொலைபேசியில் பேசினேன். பிக்குவை விசாரிக்க இல்லை. சமையல்காரி எடுத்தாள். அவளிடம் ஏதோ அரிசி நன்கொடை பற்றிப் பேசிக்கொண்டே, பின்னால் என்ன கேட்கிறது என்று கவனித்தேன். குயில். ஒன்று இல்லை, இரண்டு. மாற்றி மாற்றி. "அதுங்களை ஒண்ணும் பண்ண முடியலக்கா, இந்த வருஷம் ரொம்ப அநியாயம்" என்றாள். விகாரைக்கும் உங்கள் கல்யாண முருங்கைக்கும் நடுவே நூறு அடி இருக்குமா?

நான் வியாபாரி. மூடி வைத்த காயின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்வதுதான் என் பிழைப்பு. ஹாரன் அடித்தும் திரும்பாதவர். மணி அடித்தும் எடுக்காதவர். குயில் கூவவில்லை என்பவர். தட்டிப் பார்த்து இறக்குகிற மனிதர் காலண்டர் பார்த்து இறக்குகிறார். நாள் எண்ணி இறக்குகிறவர்களை நீங்கள் எவ்வளவு கேலி செய்வீர்கள். "காலண்டருக்கு முள் முளைச்சா அதைப் போயி வெட்டச் சொல்லு" என்பீர்கள்.

எப்போதிலிருந்து? இரண்டு காதுமா?

நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்த டீசல் பம்பு. கரை உடைந்துவிடும் என்று அதன் பக்கத்திலேயே பலகை போட்டுப் படுத்தீர்கள். ராத்திரி பகல் ஓடியது. என்னோடு பேச வேண்டுமென்றால் காதருகே வந்து கத்த வேண்டும். கத்திக் கத்திப் பேசினால் எல்லாம் சண்டையாகத்தான் வரும். "மரம் செத்துப்போச்சு" என்பதை நான் மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். அந்தச் சத்தத்தில் மெதுவாகச் சொல்ல முடியவில்லை. நான் விட்டுப் போனது உங்களை இல்லை. அந்த இயந்திரத்தை. எட்டு வருடம் ஆனது இதை எழுத.

இன்னொன்று. மூன்று வருடம் முன்பு நான் வந்தது பொய் இல்லை. நீலச் சட்டை போட்டிருந்தீர்கள், முதுகில் கிழிசல். கூடையை இடது கையில் வைத்திருந்தீர்கள். நான்கு தடவை கூப்பிட்டேன். இப்போது சொல்லுங்கள், என்ன கேட்டது?

மீதி மூன்று காயை அணிலுக்கு விட நான் சம்மதிக்கமாட்டேன். அனுதாபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல சரக்கு வீணாவது எனக்குப் பிடிக்காது. எனக்குக் காது இருக்கிறது, உங்களிடம் மரம் இருக்கிறது. இரண்டும் நீங்கள் வளர்த்தது. வரட்டுமா என்று கேட்கிறேன். இந்தத் தடவை படலுக்கு வெளியே நின்று கூப்பிடமாட்டேன்.

லம்துவன்


நொன்தபுரி
மே 17

துவன்,

இடது காது வெள்ளம் வடிந்த அடுத்த வருடமே போயிற்று. வலது கொஞ்சம் கொஞ்சமாக. இப்போது எதிரில் நின்று வாயசைத்தால் பாதி புரியும். ஊரில் யாருக்கும் தெரியாது. திமிர் பிடித்த கிழவன் என்று நினைக்கிறார்கள். செவிடன் என்பதைவிட அது பரவாயில்லை.

நீலச் சட்டை அன்றைக்குத்தான் கிழிந்தது, கல்யாண முருங்கை முள்ளில் மாட்டி. மறுநாள் அதைத் துடைப்பத்துணி ஆக்கிவிட்டேன். அதில் கிழிசல் இருந்தது வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. ஆக, வந்திருக்கிறாய். பொய் என்று எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை துவன். சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். அந்தக் காயைத் தட்டினேன். முதலில் கத்திப்பிடியால், பிறகு விரல் கணுவால். ஒன்றும் இல்லை. பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு காயில் முட்டிப் பார்த்தேன். ஏதோ அதிர்ந்தது. அது காயா, என் பல்லா, தெரியவில்லை. முதல் பூவுக்குச் சிவப்புக் கயிறு, சில வாரம் பிந்திப் பூக்கும் இரண்டாம் பூவுக்கு வெள்ளை என்று எல்லோரும் கட்டுவார்களே, அதை நான் ஒழுங்காகச் செய்து பழகவே இல்லை. காது இருந்த காலத்தில் கயிறு எதற்கு? கிளையில் கட்டினேன், காயில் கட்டவில்லை. மாசிக் காற்றில் முதல் பூவின் பிஞ்செல்லாம் உதிர்ந்திருக்கிறது. நான் இறக்கியது இரண்டும் இரண்டாம் பூ. முதல் பூவில் தப்பி நின்றது ஒன்றே ஒன்று. அதைத்தான் அணில் தின்றது. அதற்குக் காது நன்றாக இருக்கிறது.

வா. ஆனால் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். தலையணைப் பழம் இந்தக் கரையில் இறங்கக் கூடாது. என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கக் கூடாது. மூன்றாவது, ஏணியில் நீ ஏற வேண்டும். தட்டிப் பார்க்கிறவள்தான் வெட்டவும் வேண்டும். நான் கீழே நின்று பிடிக்கிறேன்.

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெட்டுமுன் நான் குரல் கொடுப்பேன், நீ சாக்கை விரிப்பாய். நீ குரல் கொடுத்தால் எனக்குக் கேட்காது. அண்ணாந்து உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் காய் என் வாயில்தான் விழும். யோசித்துக்கொண்டு வா.

தவின்


பாங்காக்
மே 26

தவினுக்கு,

டாக்டர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பிரசோங் டீசல் போடப் போயிருக்கிறான். சந்தபுரியில் நாளைக்கு நான்கு லாரி. ஓடியாக வேண்டும்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பிசமாய் அம்மா மெலிந்துவிட்டார். சக்கர நாற்காலி. ஆனால் நாம் இறக்கிய பழத்தைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார். மடியில் வைத்துக் காம்பை விரலால் அளந்தார். "அட்டை எங்க? எம்பேரு எழுதிக் கட்டுவியே?" என்றார். கட்டவில்லை, ஞாபகம் இல்லை என்றேன். முறைத்தார். என் பில் புத்தகத்தின் பின் அட்டையைக் கிழித்து அங்கேயே எழுதிக் கட்டினேன். அதன் பிறகுதான் பிளக்க விட்டார்.

ஓடு விரிந்ததுமே எனக்கு நிம்மதி. அந்த மஞ்சள், முற்றிய வெண்ணெய் நிறம். சுளையை எடுத்தால் விரல் அடையாளம் பதிகிறது, ஆனால் ஒட்டவில்லை. ஒரு சுளை கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். வெகு நேரம். வீட்டுக்காரர்கள் பயந்துவிட்டார்கள்.

"லம்துவன், எங்கிட்ட பொய் சொல்லாத. இது அந்த மரம் இல்ல."

மறைத்தால் அது நம் தோட்டத்துக்கு மரியாதை இல்லை. பெரியம்மா வெள்ளத்தில் போனதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். "நெனச்சேன். இது மக. அம்மாகிட்ட கடைசியில ஒரு சின்னக் கசப்பு வரும், பாரு, போய் ரொம்ப நேரம் கழிச்சுத் திரும்பி வந்து எட்டிப் பாக்கற மாதிரி. அது இதுல இன்னும் வரல. வயசு பத்தல. ஆனா ரத்தம் அதே ரத்தம்." இரண்டாம் சுளையைக் கேட்டு வாங்கினார். மகள் தடுத்தாள், சர்க்கரை என்று. "நீ போய் உன் வேலையப் பாருடி" என்றார்.

கிளம்பும்போது அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "அடுத்த வருஷக் காய்ல கட்டு. உச்சில இருக்கறது." எண்பத்து நான்கு வயது. வாங்குகிறவர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

விலை பேசினேன், கொடுத்தார். உங்கள் பங்கு பிரசோங்கிடம் வரும். வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பினால் அதற்கு நான்கு மூட்டை மொன்தோங் வாங்கி உங்கள் கரையில் இறக்கிவிடுவேன்.

நாம் தின்ற பழத்தைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. நீங்கள் கொட்டையை வாயில் வைத்துக்கொண்டு துப்ப மறந்து உட்கார்ந்திருந்தது போதும் எனக்கு.

முட்டி வலி உயிரை எடுக்கிறது. ஏணி என்றால் சும்மாவா, ஐம்பத்தாறு வயதில்.

லம்துவன்


நொன்தபுரி
ஜூன் 1

துவன்,

பணம் வந்தது. மொன்தோங்குக்குப் பயந்து வைத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கே வாயால் சொல்லியிருக்கலாம்.

முப்பது வருடம் நான் மேலே இருந்தவன். மேலிருந்து பார்த்தால் கீழே நீ ஒரு கையளவு, சாக்கு ஒரு கைக்குட்டை அளவு. வெட்டுவேன், போகும், நீ சாக்கைச் சுழற்றி வாங்குவாய், அடுத்த காய்க்குப் போவேன். அது ஒரு வேலை என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அன்றைக்கு உன் இடத்தில் நின்றேன். நீ தட்டினாய். ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் உன் முகம் தெரிந்தது. பணியாரப் படகில் பார்த்த அதே முகம், காதைச் சாய்த்துக்கொண்டு. பிறகு ஒரு இலையைக் கிள்ளிப் போட்டாய். பேசி வைத்தபடிதான். இலை சுழன்று சுழன்று வந்தது, பச்சைப் பக்கம் ஒரு தடவை, செம்புப் பக்கம் ஒரு தடவை. அது தரை தொடுமுன் சாக்கை விரிக்க வேண்டும். விரித்தேன். அண்ணாந்து பார்த்தால் வானத்திலிருந்து முள்ளோடு ஒன்று என் முகத்தைப் பார்த்து வருகிறது. கால் பின்னால் போகப் பார்த்தது. பத்தடி உயரத்துக்கே எனக்கு இப்படி.

பெரியம்மா ஐம்பதடி. நீ ஒரு தடவைகூடப் பின்னால் போனதில்லை. வருடத்துக்கு முந்நூறு காய், முப்பது வருடம். அத்தனை தடவை நீ அங்கே நின்றாய் என்பதை நான் நின்ற பிறகுதான் பார்த்தேன். இருபத்து மூன்றாம் நாள் போனவள் என்று எட்டு வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன். மற்ற நாளை எண்ணவில்லை. எனக்கு எண்ணத் தெரியாது என்று இந்த வருடம் இரண்டு தடவை தெரிந்துபோயிற்று.

நம் பங்குப் பழத்தில் எனக்கு அந்தக் கசப்பு வந்தது. பிசமாய் அம்மாவுக்கு வராமல் போயிருக்கலாம். சுளையைத் தின்று, சூடு தணிய ஓட்டில் தண்ணீர் ஊற்றிக் குடித்து, நீ வண்டி ஏறிப் பாலம் தாண்டிய பிறகு வந்து எட்டிப் பார்த்தது.

இன்னும் ஒரு காய் மரத்தில் இருக்கிறது. "மூடின கதவு மாதிரிதான் இருக்கு, பத்து பன்னெண்டு நாள் விடுங்க" என்று வாயசைத்துவிட்டுப் போனாய். அது பெரிய பிக்குவுக்கு. இரண்டாம் தடவையும் வறுவல் தின்ன வைக்க முடியாது. நாள் எண்ணமாட்டேன். கயிறும் கட்டவில்லை. அணில் பக்கம் போகாதபடி தகரம் சுற்றிவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சாக்கைத் துவைத்துக் காயப்போட்டாயிற்று.

படலைக் கழற்றிவிட்டேன். கூப்பிட வேண்டாம், நேராக உள்ளே வா.

தவின்